இன்ஜினுக்குக் குளியல் வேண்டாம், துடைத்தாலே போதும்! கார் இன்ஜின் பே-யை வீட்டில் பாதுகாப்பாகச் சுத்தம் செய்வது எப்படி?

வாராவாரம் காரைக் கழுவுகிறவர்கள்கூட பானெட்டைத் திறப்பது ரொம்ப அபூர்வம். வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றாலோ, பேட்டரி டவுன் ஆனாலோதான் அந்தப் பக்கமே போவார்கள். திறந்து பார்த்தால் உள்ளே வேப்பஞ்சருகு, செம்மண் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் படிந்திருக்கும். சில வண்டிகளில் எலி கடித்துப் போட்ட பஞ்சும் கிடக்கும். பார்த்ததும் பெரும்பாலானவர்கள் எடுக்கும் முடிவு இரண்டில் ஒன்று. 'எதுக்கு வம்பு' என்று மூடிவிடுவார்கள். இல்லையென்றால் வாட்டர் வாஷ் கடையில் விட்டு, 'இன்ஜினையும் சேர்த்து அடிச்சிடுங்க' என்பார்கள்.

இரண்டிலும் சிக்கல் இருக்கிறது. மூடியே வைத்தால் எண்ணெய்க் கசிவும் எலி கடித்த வயரும் கண்ணுக்குப் படாது. பிரஷர் வாஷ் அடித்தால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குப் புதுப் பிரச்னையை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம். நடுவில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஒரு பிரஷ், நாலைந்து துணி, ஒரு மக் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம். இவ்வளவு இருந்தால் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

முதலில், எதற்காகச் சுத்தம் செய்ய வேண்டும்?

பளபளப்புக்காக என்றால் அவசியமே இல்லை. தூசி படிந்த இன்ஜினும் நன்றாகத்தான் ஓடும். காரணங்கள் வேறு.

ஒன்று, கசிவைக் கண்டுபிடிக்கலாம். எல்லா இடத்திலும் பிசுக்கு இருந்தால், புதிதாக எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று மெக்கானிக்காலேயே சட்டென்று சொல்ல முடியாது. துடைத்து வைத்த இன்ஜினில் ஒரு சொட்டு கசிந்தாலும் பளிச்சென்று தெரியும்.

இரண்டு, தீ ஆபத்தைக் குறைக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்ற புகை வெளியேறும் பாகம் பல நூறு டிகிரி வரை சூடாகும். அதன் பக்கத்தில் காய்ந்த சருகோ, எலி கொண்டுவந்த பஞ்சோ, சொட்டும் எண்ணெயோ இருப்பது நல்லதல்ல.

மூன்று, மழைத் தண்ணீருக்கு வழி விடலாம். முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில், வைப்பருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதன் ஓரங்களில் தண்ணீர் வடியத் துளைகள் உண்டு. வேப்பமரத்தடியிலோ புங்கை மரத்தடியிலோ நிற்கும் வண்டிகளில் இந்தத் துளைகள் இலையால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் மழை பெய்தால் தண்ணீர் தேங்கி, ஏசி புளோயர் வழியாகக் காருக்குள்ளேயே இறங்கலாம். 'கதவு, கண்ணாடி எல்லாம் மூடித்தானே இருந்துச்சு, கால் மிதி எப்படி நனைஞ்சது?' என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில்.

'மழையில ஓடுற வண்டிதானே, தண்ணி பட்டா என்ன?'

வாட்டர் வாஷ் கடைகளில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மழை நேராக இன்ஜின் மேல் பெய்வதில்லை. மேலே பானெட் மூடி இருக்கிறது, கீழிருந்து தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கப் பெரும்பாலான கார்களில் தடுப்புத் தட்டு இருக்கிறது. மிஞ்சி உள்ளே வரும் சாரலைத் தாங்குகிற மாதிரிதான் வயர் கப்ளர்களில் ரப்பர் சீல் வைத்திருக்கிறார்கள்.

பிரஷர் வாஷர் கதையே வேறு. மாடி வீட்டின் மேல் தொட்டியிலிருந்து தரைக் குழாய்க்கு வரும் தண்ணீரின் அழுத்தம் 1 பார்கூட இருக்காது. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார். வீட்டு உபயோக பிரஷர் வாஷர்களே 100 பார் அளவில் வருகின்றன. அதாவது 100 மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில் பக்கத்திலிருந்து அடிக்கும் தண்ணீர், ரப்பர் சீலின் விளிம்பைத் தூக்கி உள்ளே போய்விடும்.

'என் வண்டி பார்ட்ஸ் எல்லாம் ஐபி 67, தண்ணி புகாது' என்று சிலர் சொல்வதுண்டு. மொபைல் விளம்பரங்களால் பழகிய எண் அது. 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் பாதிப்பு வராது என்பதுதான் அதில் உள்ள 7-ன் பொருள். பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு அது உத்தரவாதம் தராது. அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. அதில் தேறிய பாகத்துக்குத்தான் கடைசி எண் 9 என்று வரும்.

இதில் பெரிய சிக்கல், சேதம் அன்றைக்கே தெரியாது என்பதுதான். கப்ளருக்குள் புகுந்த ஈரம் செம்பைப் பச்சை பூக்க வைக்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். ஒருநாள் சென்சார் தப்பாகக் காட்டும், செக் இன்ஜின் விளக்கு வந்து வந்து போகும். 'போன தடவை கழுவினப்ப நல்லாத்தானே ஓடுச்சு' என்று நாமும் நினைப்போம், கழுவியவரும் அதையே சொல்வார். பழி யார் மேலும் விழாது. பில் மட்டும் உரிமையாளர் கைக்கு வரும். வாரண்டி காலத்தில் இருக்கும் காராக இருந்தாலும், தண்ணீர் புகுந்துதான் பழுதானது என்று தெரிந்தால் இலவசமாக மாற்றித் தர மறுக்க வாய்ப்பு உண்டு.

தண்ணீர் படவே கூடாத இடங்கள்

கார் மாடலைப் பொறுத்து இருக்கும் இடம் மாறும். ஓனர்ஸ் மேனுவலில் உள்ள இன்ஜின் படத்தை மொபைலில் எடுத்து வைத்துக்கொண்டு, கீழே உள்ளவற்றை முதலில் அடையாளம் பாருங்கள்.

• ஆல்டர்னேட்டர்: பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம். உள்ளே காற்றோட்டம் வேண்டும் என்பதால் அதன் உடம்பிலேயே திறப்புகள் இருக்கும்.

• ஃபியூஸ் பாக்ஸும் ஈசியு-வும்: ஈசியு-தான் இன்ஜினின் கம்ப்யூட்டர். இது பழுதானால் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

• ஏர் ஃபில்டரும் காற்று இழுக்கும் குழாயின் வாயும்: இங்கே புகும் தண்ணீர் நேராக இன்ஜினுக்குப் போகும் பாதையில் இருக்கிறது.

• இக்னிஷன் காயில்: பெட்ரோல் கார்களில் இன்ஜின் தலைப்பகுதியில் வரிசையாக இருக்கும். அதன் அடியில் உள்ள குழியில் தண்ணீர் தேங்கினால் இன்ஜின் திணறும்.

• எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக், ஆயில் மூடி, பிரேக் ஆயில் டப்பா: மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பக்கத்தில் கை வைக்க வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. அதில் தண்ணீர் சேர்ந்தால் பிரேக் பிடிக்கும் திறனே குறையும்.

என்னென்ன தேவை?

கடைக்குப் போய் அள்ள வேண்டியதில்லை. ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், பனியன் வேஸ்ட் அல்லது மைக்ரோஃபைபர் துணி ஐந்தாறு, கார் ஷாம்பு, கையுறை, மாஸ்க், பாலிதீன் கவர், ரப்பர் பேண்டு, பேட்டரி நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர் போதும். பிசுக்கு அதிகம் என்றால் மட்டும் தண்ணீரில் கலக்கும் வகை டிகிரீஸர் ஒரு பாட்டில் வாங்கலாம். லேபிளில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலக்க வேண்டும். காரத்தன்மை அதிகமுள்ள டிகிரீஸர் அலுமினிய பாகங்களில் வெள்ளைத் திட்டு விழ வைக்கும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் மூன்றையும் தொடவே வேண்டாம். பெட்ரோலின் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பிடிக்கும். டீசல் ஸ்ப்ரே அடித்தால் இன்ஜின் புதுசு மாதிரி மின்னும், அது உண்மைதான். ஆனால் ரப்பர் ஹோஸ்கள் அதில் ஊறி உப்பும், எண்ணெய்ப் படலத்தில் தூசி இன்னும் வேகமாக ஒட்டும். அதை அடிக்கும் தொழிலாளி மாஸ்க்கூட இல்லாமல் நாள் முழுக்க அந்தப் புகைமூட்டத்தைச் சுவாசிக்கிறார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 'டீசல் வாஷ் வேண்டாம்' என்று வாடிக்கையாளர் சொன்னால் அது அவருக்கும் நல்லது.

செய்யும் முறை, படிப்படியாக

1. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் எடுப்பதே உத்தமம். சூடான இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம். கை சுடுவது தனிக்கதை. சமதளமான, நிழலான இடத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். புஷ் ஸ்டார்ட் வண்டி என்றால் ரிமோட்டை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். இக்னிஷன் ஆஃப் ஆக இருந்தாலும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும். அதன் பக்கம் விரல் போகக் கூடாது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கும் வேலையும் இதில் இல்லை.

2. தொடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். பேட்டரி, ஹோஸ்கள், கப்ளர்கள் எல்லாம் தெரிகிற மாதிரி ஐந்தாறு படங்கள். ஏதாவது கழன்றால் எங்கே மாட்டுவது என்று தெரியும். இப்போது எங்கே பிசுக்கு இருக்கிறது என்பதற்கும் அதுவே ஆதாரம்.

3. காய்ந்த குப்பையை முதலில் எடுங்கள். சருகுகளைக் கையால் பொறுக்குங்கள், வைப்பர் தட்டின் துளைகளைத் திறந்துவிடுங்கள். தூசியைப் பிரஷால் தட்டி வேக்குவம் கிளீனரால் இழுக்கலாம். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை அழுத்தித் தேய்க்க வேண்டாம், லேசில் மடங்கிவிடும்.

எலிப் புழுக்கையோ கூடோ இருந்தால் அப்படியே பெருக்காதீர்கள், ஊதவும் கூடாது. கையுறை, மாஸ்க் போட்டு, கிருமிநாசினி தெளித்துச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, ஈரத் துணியால் எடுத்துக் கவரில் கட்டிப் போடுங்கள். எலியின் சிறுநீர் மூலம் எலிக் காய்ச்சல் பரவும், கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். பிறகு வயர்களின் மேல் தோலைப் பாருங்கள். கடித்த தடம், செம்பு தெரிகிற இடம் எதுவும் இருந்தால் சுத்தம் செய்வதை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுவது நல்லது. எலி வராமல் இருக்கப் புகையிலை வைக்கிற வழக்கம் பரவலாக இருக்கிறது. வைப்பதென்றால் சூடாகும் பாகத்தின் அருகே வேண்டாம், காய்ந்த இலை எரியக்கூடியது.

4. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மைனஸ் குறியுள்ள முனை அது. முதலில் கழற்ற வேண்டியது இதைத்தான், கடைசியில் மாட்ட வேண்டியதும் இதைத்தான். காரின் உடம்பு முழுக்க நெகட்டிவுடன் இணைந்திருக்கிறது. பாசிட்டிவில் ஸ்பேனர் இருக்கும்போது அதன் மறுமுனை பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி வரும். கை மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். பேட்டரி அருகே சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பேட்டரியைக் கழற்றினால் சில கார்களில் மியூசிக் சிஸ்டம் கோடு கேட்கும், பவர் விண்டோவை மறுபடி செட் செய்ய வேண்டிவரும். மேனுவலில் முன்பே பார்த்துவிடுங்கள்.

5. மூட வேண்டியதை மூடுங்கள். மேலே சொன்ன ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஈசியு, காற்றுக் குழாய் வாய் எல்லாவற்றையும் பாலிதீன் கவரால் மூடி ரப்பர் பேண்டு போடுங்கள். துணியால் துடைக்கத்தானே போகிறோம் என்று இதை விட வேண்டாம், சொட்டு எங்கே வழியும் என்று சொல்ல முடியாது.

6. பாகத்தின் மேல் அடிக்காமல் துணியின் மேல் அடியுங்கள். ஷாம்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பிளாஸ்டிக் கவர், ஹோஸ், பானெட்டின் உள்பக்கம் எல்லாவற்றுக்கும் இதுவே போதும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் டிகிரீஸரை பிரஷில் தொட்டுத் தேயுங்கள். அது காய்வதற்குள் ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்து எடுத்துவிட வேண்டும். பெல்ட் மேல் எதுவும் படக் கூடாது.

7. பேட்டரி முனையில் பூத்த பொடி. வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ இருக்கும் இந்தப் பொடியில் அமிலம் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டேபிள் ஸ்பூன் சமையல் சோடா கலந்து, டூத் பிரஷால் தொட்டுத் தேய்த்தால் நுரைத்து அடங்கும். ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் மூடிகள் இறுகியிருப்பதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், சோடா உள்ளே போனால் பேட்டரிக்குக் கேடு.

8. காயவிட்டு, எண்ணிப் பார்த்து மூடுங்கள். பானெட்டைத் திறந்தபடியே ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிறகு கவர்கள் எல்லாவற்றையும் எடுங்கள். எத்தனை துணி கொண்டுவந்தீர்களோ அத்தனையும் கையில் இருக்கிறதா என்று எண்ணுங்கள். உள்ளே மறந்துபோன ஒரு துணி பெல்ட்டில் சிக்கலாம், எக்ஸாஸ்ட் மேல் விழுந்து புகையலாம். நெகட்டிவ் வயரை மாட்டி, ஸ்டார்ட் செய்து ஐந்து பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். சத்தம் மாறியிருக்கிறதா, விளக்கு ஏதாவது எரிகிறதா என்று பாருங்கள்.

ஒருவேளை இன்ஜின் திணறினாலோ செக் இன்ஜின் விளக்கு மினுக்கினாலோ, 'ஓட்டினா காஞ்சிடும்' என்று கிளம்பாதீர்கள். எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டுக்குப் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அணைத்துவிட்டு முழுவதும் காயவிடுங்கள், அப்புறமும் சரியாகாவிட்டால் மெக்கானிக்தான்.

சுத்தம் செய்த பிறகுதான் முக்கியமான வேலை

ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டிவிட்டு, பானெட்டைத் திறந்து அதே இடங்களை மறுபடி போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். பழுப்பு அல்லது கறுப்பு ஈரம் என்றால் இன்ஜின் ஆயிலாக இருக்கலாம். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் வந்தால் கூலன்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வண்டிக்குக் கீழே சொட்டும் நிறமில்லாத தண்ணீர் பெரும்பாலும் ஏசியிலிருந்து வருவதுதான், பயப்பட வேண்டாம். கூலன்ட் தரையில் சிந்தியிருந்தால் உடனே துடைத்துக் கழுவிவிடுங்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் தெருநாய், பூனை நக்கிவிடும். அது உயிர்க்கொல்லி விஷம்.

இதே கண் பழைய கார் வாங்கும்போதும் கைகொடுக்கும். பத்து வருட வண்டியின் இன்ஜின் ஷோரூம் மாதிரி மின்னினால் சந்தோஷப்படுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். நேற்று கழுவி ஸ்ப்ரே அடித்திருந்தால் கசிவின் தடமும் சேர்ந்து போயிருக்கும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பானெட்டைத் திறந்து பார்க்கக் கேளுங்கள்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக், சிஎன்ஜி வைத்திருப்பவர்களுக்கு

ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தப் பாதை. எலெக்ட்ரிக் கார்களில் அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். அதையோ, அது போய்ச் சேரும் பெட்டிகளையோ தொட வேண்டாம், ஈரத் துணியும் வேண்டாம். சருகு எடுப்பது, மேல் பிளாஸ்டிக்கைக் காய்ந்த துணியால் துடைப்பது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்கள் 'ரெடி' நிலையில் இருந்தால் சத்தமே இல்லாமல் நிற்கும், திடீரென்று இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும். பவர் ஆஃப் ஆனதை உறுதி செய்யாமல் கை விடக் கூடாது. சிஎன்ஜி வண்டியில் கேஸ் வாடை வந்தால் சுத்தம் செய்யும் வேலையே வேண்டாம், காற்றோட்டமான இடத்தில் விட்டுவிட்டு சர்வீஸ் சென்டரை அழையுங்கள்.

வெள்ளத்தில் நின்ற காருக்கு இந்த முறை பொருந்தாது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அந்தப் பாடத்தில்தான் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அப்படித் தண்ணீர் ஏறிய வண்டியைச் சுத்தம் செய்யவோ, 'ஒரு தடவை பார்ப்போமே' என்று ஸ்டார்ட் செய்யவோ கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு ஸ்டார்ட்டிலேயே இன்ஜின் உள்பாகம் வளைந்துவிடும். போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி, டோ செய்து அனுப்புவதே வழி.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

நம்ம ஊருக்கு வருடம் இரண்டு முறை போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் ஒன்று, மழை முடிந்து ஜனவரியில் ஒன்று. மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் சருகை மட்டும் மாதம் ஒருமுறை எடுத்துவிடலாம்.

வீட்டில் இடமில்லை, அபார்ட்மென்ட்டில் அனுமதி இல்லை என்றால் கடையில் விடுவதில் தப்பில்லை. விடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இன்ஜினை ஆறவிடுவீர்களா? பிரஷர் கன் இல்லாமல் துணியால் செய்வீர்களா? டீசல் அடிப்பீர்களா? முதல் இரண்டுக்கு 'ஆமாம்', மூன்றாவதற்கு 'இல்லை' என்று வந்தால் சாவியைக் கொடுக்கலாம். பதில் மாறி வந்தால், வெளிப்பக்கத்தை மட்டும் கழுவச் சொல்லிவிட்டு பானெட் மூடியே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.